துவர்ப்பு செய்யும் வேலை

ஆடிக்காற்று கிளம்பியதும் கோவையின் தெருவோரங்களில் நாவல் பழம் வந்துவிடும். தள்ளுவண்டியில் குவித்து, பக்கத்தில் கொஞ்சம் கல்லுப்பும் வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் கேட்பதும் விற்கிறவர் சொல்வதும் ஆண்டுதோறும் ஒன்றுதான். “சர்க்கரைக்கு நல்லதுங்களா?” “அதுக்குத்தானுங்க எல்லாரும் வாங்கறாங்க. கொட்டையை வீசிராதீங்க, காய வெச்சுப் பொடி பண்ணிக்குங்க.”

முன்பெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள். இப்போது முப்பது வயதில், நோய் ஏதுமில்லாமல், கையில் சர்க்கரை அளக்கும் சென்சாரை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற சரவணம்பட்டி ஐ.டி. ஊழியர்களும் கேட்கிறார்கள். பேரங்காடியில் குளிர்பெட்டியிலிருந்து புளூபெர்ரி டப்பாவை எடுக்கும்போது அவர்கள் மனதில் ஓடுவதும் இதே கேள்விதான். நோயாளிக்கு இது மருந்தாகுமா என்பது ஒரு விசாரணை. நோயில்லாதவர் இந்தச் சிறு பழங்களைத் தின்றால் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது வேறொரு விசாரணை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் நாவலைப் பற்றி இவ்வளவு பேசியும் இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

நலமாக இருக்கும் ஒருவரின் உடல் ரத்தச் சர்க்கரையை விட்டுக்கொடுக்காமல் காக்கிறது. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குக் கீழே. அமெரிக்காவில் நீரிழிவு இல்லாத 153 பேருக்குத் தொடர் அளவு சென்சார் பொருத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் 96 சதவீத நேரம் அவர்களின் அளவு 70-க்கும் 140-க்கும் இடையிலேயே இருந்தது. இப்படிப்பட்டவருக்கு எந்தப் பழமும் சர்க்கரையைக் ‘குறைக்க’ வேண்டியதில்லை. உண்மையிலேயே வெகுவாகக் குறைத்தால் மயங்கி விழக்கூடும். ஆகவே பார்க்க வேண்டியது உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தை. சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த உச்சியைத் தொடுகிறது, அதை இறக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் செலவழிக்கிறது என்பவற்றை.

கடைசியாகச் சொன்ன செலவுக் கணக்கு நம் ஊருக்கு முக்கியம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்கிறது. நாடு முழுவதற்கும் 11.4. சென்னையில் நடந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சர்க்கரை லேசாகக் கூடத் தொடங்கிய கட்டத்திலேயே இந்தியர்களின் கணையத்திலுள்ள பீட்டா செல்களின் திறன் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. கையிருப்பே குறைவு, அதற்கு மேல் தினமும் மூன்று வேளை அரிசி. 21 நாடுகளில் 1,32,000-க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ‘பியூர்’ ஆய்வு 2020-இல் சொன்னதும் இதையொட்டியே: தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகம். கம்பும் சோளமும் ராகியும் தின்ற கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளிலும் இன்று தட்டில் இருப்பது தீட்டிய அரிசிதான்.

பெர்ரிகளின் கதையைச் சரியாகத் தொடங்கியவர்கள் பின்லாந்துக்காரர்கள். அவர்களுக்கு அது உள்ளூர்ப் பழம். காட்டுக்குள் போய்ப் பறித்துவருவது அங்கே குடும்ப வழக்கம். குவோப்பியோ நகரில் ரீட்டா தொர்ரோனென் குழு செய்து 2010-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. நலமான 12 பேர். ஒரு நாள் 35 கிராம் சர்க்கரையோடு, அதாவது ஏழு தேக்கரண்டியோடு, நான்கு வகை பெர்ரிகளை அரைத்த 150 கிராம் விழுது. இன்னொரு நாள் அதே சர்க்கரை தண்ணீரில் மட்டும். இதில் அவர்கள் காட்டிய நேர்மை கவனிக்கத்தக்கது: பழத்துக்குள்ளும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன அல்லவா, அதே அளவை எடைபோட்டு வெறும் சர்க்கரைத் தண்ணீரிலும் கலந்தார்கள். இரண்டு கோப்பைகளிலும் சர்க்கரை சமம். பழத்தின் மற்ற சங்கதிகள் மட்டுமே வித்தியாசம்.

விழுதோடு குடித்த நாளில் 15-ஆவது நிமிடமும் 30-ஆவது நிமிடமும் சர்க்கரை குறைவாக இருந்தது. உச்சி ஒரு மில்லிமோல் தாழ்ந்தது; நம் ஊர்க் கணக்கில் 18 மில்லிகிராம். 150-ஆவது நிமிடத்திலோ விழுது குடித்தவர்களுக்கே சற்று அதிகமாக இருந்தது. இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழம் சர்க்கரையை விழுங்கிவிடவில்லை, மறைத்தும் வைக்கவில்லை. வாய்க்கால் மடையைப் பாதி அடைத்ததுபோல, பாய்ந்து வந்திருக்க வேண்டியதை நிதானமாக விட்டிருக்கிறது. முதல் அரை மணியில் வரவேண்டியது இரண்டரை மணி வரை பரவி வந்தது.

2013-இல் அதே குழு சர்க்கரையை விட்டு வெள்ளை ரொட்டிக்கு வந்தது. இது நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் மாவுச்சத்து உணவு. 50 கிராம் மாவுச்சத்துள்ள ரொட்டியோடு நலமான பெண்களுக்குப் பலவகை பெர்ரி விழுது கொடுத்தார்கள். ஸ்ட்ராபெர்ரி, பில்பெர்ரி, லிங்கன்பெர்ரி, சோக்பெர்ரி ஆகிய நான்கும் இன்சுலின் தேவையைக் குறைத்தன. ராஸ்பெர்ரிக்கும் கிளவுட்பெர்ரிக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. சர்க்கரை வரைபடத்தைக் கணிசமாகச் சீராக்கியது தனிப்பழங்களில் ஸ்ட்ராபெர்ரி ஒன்றுதான். கூடவே பெர்ரிக் கலவையும். அதாவது பில்பெர்ரி தின்றவர் விரலில் குத்திப் பார்த்திருந்தால் ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று கருவியை மூடி வைத்திருப்பார். உள்ளே கணையம் குறைந்த உழைப்பில் அதே வேலையை முடித்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. சரவணம்பட்டி சென்சார்கள் இந்த இடத்தில்தான் குருடு. அவை இன்சுலினை அளப்பதில்லை.

எப்படி நடக்கிறது இது? வழிகள் பல, ஆனால் மையமானதை நாம் நாக்கிலேயே உணர்கிறோம். நாவல் தின்றால் வாய் வறண்டு, நாக்கு மரத்து, தொண்டையைப் பிடிக்கும். பழத்திலுள்ள டானின்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது. இதே வகைப் பொருள்கள் குடலுக்குப் போனதும் அங்குள்ள வேறு புரதங்களையும் பற்றுகின்றன. மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ், இரட்டைச் சர்க்கரைகளை உடைக்கும் சுக்ரேஸ், மால்ட்டேஸ் ஆகிய நொதிகள் மந்தமாகின்றன. மருத்துவர்கள் நீரிழிவுக்குத் தரும் அகார்போஸ் மாத்திரையின் வேலையும் இந்த இடத்தில்தான். மாத்திரை பல மடங்கு வலிமையோடு செய்வதைப் பழம் இலேசாகச் செய்கிறது. பழத்துக்கு ஊதாவும் கறுப்பும் தருகிற ஆந்தோசயனின்கள், குளுக்கோஸைக் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குக் கொண்டுபோகும் கடத்திகளையும் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. புளிப்பு அமிலங்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அளவும் முக்கியம்: லண்டனில் நலமானவர்களிடம் பிளாக்கரன்ட் சாற்றுச்சத்தைச் சோதித்து 2016-இல் வெளியிட்டபோது, 600 மில்லிகிராம் ஆந்தோசயனின் இருந்த பானம்தான் முதல் அரைமணி ஏற்றத்தைத் தணித்தது. ஒரு கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று புளூபெர்ரிக்கு அலங்காரம் தவிர வேறு வேலை கிடையாது.

இனி நம் பழங்களுக்கு வருவோம். நாவல், நெல்லி, இலந்தை, களா, காரை, சூரி என்று மேய்ச்சல் காட்டிலும் வேலியோரத்திலும் கிடைத்தவை கொங்கு நாட்டுப் பிள்ளைகளின் தீனியாக இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் துவர்ப்போ புளிப்போ இரண்டுமோ உண்டு. மலை ஏறினால் நீலகிரியில் தவிட்டுப்பழம். இவற்றில் உலகப் பெயர் பெற்றது நாவல். 1922-இல் இன்சுலின் மனித உடலுக்குள் செலுத்தப்படும் முன்பே ஐரோப்பிய மருத்துவர்கள் நாவல் கொட்டையை இங்கிருந்து வரவழைத்து நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘ஜம்புல்’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் அது இருந்தது. இன்சுலின் வந்ததும் மறைந்தது.

அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை ஆய்வாளர்களின் கண் கொட்டையிலும் இலையிலும் பட்டையிலும்தான். எலிக்கு நாவல் கொட்டைச் சாறு கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகச் சொல்லும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. மனிதரில் சோதித்தபோது நிலைமை வேறு. நாவல் மரம் பிரேசிலுக்கும் போய் வேரூன்றிய மரம். அங்கும் மக்கள் அதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள். போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் கிளாடியோ தெய்ஷெய்ரா குழு அந்தத் தேநீரை நீரிழிவில்லாத 30 இளைஞர்களிடம் சோதித்து 2000-இல் வெளியிட்டது. குளுக்கோஸ் குடித்த பின் ஏறும் சர்க்கரையில் எந்த மாற்றமும் இல்லை. 2004-இல் நோயாளிகளிடம் நடந்த சோதனையிலும் வழக்கமான மாத்திரை வேலை செய்தது, நாவல் இலைத் தேநீர் செய்யவில்லை. அது இலை, பழத்துக்கோ கொட்டைக்கோ அந்தத் தீர்ப்பை அப்படியே மாற்றி எழுத முடியாது. ஆனால் மரம் முழுவதும் மருந்து என்று பேசுகிறவர்கள் இந்த முடிவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வினோதம் என்னவென்றால், பின்லாந்தில் பழத்தைப் பழமாகவே உணவோடு கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அளந்தார்கள். நாமோ பழத்தைச் சுவைக்காகத் தின்றுவிட்டு, கொட்டையை மருந்தாக்கினோம். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் நாவல் கொட்டைப் பொடியைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார்கள். வயிற்றில் மாவுச்சத்தே இல்லாத நேரத்தில், மாவுச்சத்து செரிப்பதைத் தாமதிக்கும் பொருளை அனுப்பினால் அது தாமதிக்க என்ன இருக்கிறது? பொடிக்கு வேறு வழியில் பலன் இருக்கலாம் என்று வாதிடலாம். துவர்ப்பின் வழியாக என்றால், இட்லியோடு சேர்த்து உண்டால்தான் அதற்கு வேலை.

நெல்லியின் நிலை சற்று மேல். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.எஸ்.ஆர்-1 நம் மண்ணுக்கே உரிய ரகம். தோட்டங்களில் வடக்கிலிருந்து வந்த என்.ஏ-7 ரகமும் பரவியிருக்கிறது. சத்தியமங்கலம், ஆனைகட்டி மலைகளில் பழங்குடி மக்கள் பொறுக்கிவரும் காட்டுநெல்லி தனி. பாகிஸ்தானின் பைசலாபாத்தில் நெல்லிப்பொடியை நீரிழிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நாளுக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை மூன்று வாரம் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் சர்க்கரை இறங்கியதாக 2011-இல் எழுதினார்கள். ஆட்கள் மிகக் குறைவு என்பதால் இதை நான் பலமாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். இலங்கையில் நடந்து அதே ஆண்டு வெளியான ஆய்வு எனக்கு அதைவிடப் பிடித்தது. நலமான 61 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு 20 கிராம் கோவைக்கொடி இலையைத் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து, அங்குள்ளவர்கள் வீட்டில் உண்கிற மாதிரியே கொடுத்து, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்தார்கள். இலை தின்றவர்களின் ஏற்றம் குறைந்தது. இலைதான், பழம் அல்ல. ஆனாலும் ஊர் உணவை ஊர்ப் பக்குவத்திலேயே, நலமானவரிடம் சோதிக்க முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. வேலியில் படரும் அந்தக் கொடியின் காயை நாம் பொரியல் செய்கிறோம். தாவரவியல் கணக்கில் அதுவும் பெர்ரிக் குடும்பத்து உறவே.

உடுமலைப் பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்ப்புக்காக மல்பெரி ஏக்கர் ஏக்கராக நிற்கிறது. தழைக்காக அடிக்கடி கிளையோடு வெட்டிவிடுவதால் அங்கே பழம் பார்ப்பது அரிது. வரப்போரத்தில் வெட்டாமல் விட்ட செடியில் சிறுவர்கள் பறிப்பதோடு சரி. ஆனால் சர்க்கரை விஷயத்தில் மல்பெரியின் சரக்கு பழத்தைவிட இலையில்தான் அதிகம். அதன் பெயர் டி.என்.ஜே. என்று சுருக்கப்படும் டியாக்சிநோஜிரிமைசின். உருவத்தில் குளுக்கோஸின் அச்சு. வளையத்தில் மட்டும் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன். சர்க்கரையை உடைக்க வரும் நொதி இதைச் சர்க்கரை என்று நம்பிப் பிடித்துக்கொண்டு வேலையை மறந்துவிடும்.

செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. புழுக்களுக்காகச் செய்து வைத்தது. ஜப்பானிய ஆய்வாளர் கொன்னோவின் குழு 2006-இல் காட்டியபடி, ஆமணக்கு இலை தின்று வளரும் எரிப்பட்டுப்புழுவை மல்பெரி இலையில் விட்டால் அது வளராமல் சாகிறது. இலையின் பாலில் இந்தச் சர்க்கரைப் போலி அவ்வளவு செறிவாக இருக்கிறது. இலைப்பாலைக் கழுவி எடுத்துவிட்டால் அதே இலையில் புழு வளர்கிறது. மல்பெரிப் பட்டுப்புழுவோ இந்தப் போலிக்கு மசியாத நொதிகளைத் தன் குடலில் உருவாக்கிக்கொண்டு, வேறு பல புழுக்களால் தின்ன முடியாத இலையைத் தனக்கே உரித்தாக்கிக்கொண்டது. உடுமலைக்காரர் தட்டில் கொட்டும் ஒவ்வொரு கூடைத் தழையிலும் இந்தப் பழைய போட்டி இருக்கிறது. மனிதக் குடலில் அந்த எதிர்ப்பு கிடையாது. 2017-இல் பிரிட்டனில் நலமான 37 பேருக்கு மாவுச்சத்துத் தூளோடு மல்பெரி இலைச் சத்தைக் கொடுத்தபோது சர்க்கரையும் இன்சுலினும் இரண்டும் தாழ்ந்தன. மிக்லிட்டால் என்ற நீரிழிவு மாத்திரை டி.என்.ஜே.யைத் திருத்தி உருவாக்கியதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தடித்த தோட்டத்துத் தழையைப் பறித்துக் கஷாயம் போட வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதை விட்டுவிட்டு இலைக்கோ பழத்துக்கோ மாறுவதும் ஆபத்து.

இவ்வளவும் சோதனைக்கூடத்தின் இரண்டு மணி நேரக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் என்ன ஆகிறது? அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்கள் 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. வாரத்தில் மூன்று வேளை புளூபெர்ரி உண்பது 26 சதவீதம் குறைந்த நீரிழிவு வாய்ப்போடு சேர்ந்திருந்தது. திராட்சை 12 சதவீதம். பழச்சாறு எதிர்ப்பக்கம் போய் 8 சதவீதம் கூடியது. ஸ்ட்ராபெர்ரிக்கு எந்தத் தொடர்பும் காணவில்லை. ரொட்டிச் சோதனையில் முதலிடம் பிடித்த அதே ஸ்ட்ராபெர்ரி! இரண்டு மணி நேர வரைபடத்தையும் இருபது ஆண்டு ஆயுளையும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அமெரிக்காவில் புளூபெர்ரி தின்கிறவர் வேறு என்னென்ன நல்ல காரியங்கள் செய்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதையும் இந்த எண்களிலிருந்து முழுவதும் கழித்துவிட முடியாது.

சாறு பற்றிய முடிவை மட்டும் நான் நம்புகிறேன், ஏனென்றால் அதன் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வடிகட்டும்போது தோலும் சதையும் போய்விடுகின்றன. துவர்ப்பில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது. மிச்சத்தை மறைக்கச் சர்க்கரை வந்து சேர்கிறது. நம் பழங்களுக்கு நாம் செய்வதும் இதுதான். நெல்லியைத் தேனில் ஊறப்போட்டு மிட்டாய் ஆக்குகிறோம். இலந்தையை இடித்து வெல்லமும் மிளகாயும் சேர்த்து இலந்தை வடை ஆக்கிப் பெட்டிக்கடையில் தொங்கவிடுகிறோம். சுவைக்கு நானும் அடிமை, ஆனால் அது பழக்கணக்கில் சேராது, தின்பண்டக் கணக்கில்தான் சேரும். நாவலிலும் சதை பெருத்து, கொட்டை சிறுத்து, துவர்ப்பு குறைந்ததற்கே சந்தையில் மதிப்பு. அந்தத் திசையிலேயே தேர்வு செய்துகொண்டு போனால், பழம் இனிக்கும், விலை போகும். சர்க்கரைக்கு நல்லது என்ற பேரைச் சம்பாதித்துத் தந்த குணம் மட்டும் காணாமல் போகும்.

பின்லாந்துச் சோதனைக்குத் தேவைப்பட்டது 12 பேர். அதை நாவலை வைத்துக் கோவையில் செய்வதற்கு எல்லாம் இங்கேயே இருக்கிறது: வேளாண் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மையம், 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி ராஜம்மாள் தேவதாஸ் காலத்திலிருந்தே ஊட்டச்சத்து ஆய்வுக்குப் பேர்போன அவினாசிலிங்கம், இன்சுலின் அளக்கக்கூடிய மருத்துவக் கல்லூரிகள். கிளைசெமிக் குறியீட்டுக்கான பன்னாட்டுத் தரமுறையே குறைந்தது பத்து நலமானவர்களையும், 50 கிராம் மாவுச்சத்தையும், இரண்டு மணி நேரத்தில் பல முறை ரத்தம் எடுப்பதையும்தான் கேட்கிறது. ரொட்டிக்குப் பதில் நான்கைந்து இட்லி. அல்லது அரிசிம்பருப்பு சாதம். பருப்பு ஏற்கெனவே ஏற்றத்தைத் தணிக்கும் என்பதால் அது இன்னும் கடினமான தேர்வு, இன்னும் பயனுள்ள தேர்வு. கொட்டை நீக்கி 150 கிராம் நாவல் சதை. அதற்குள் 15 முதல் 20 கிராம் வரை மாவுப்பொருள் இருப்பதால், பழமில்லாத நாளில் அதே அளவு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். இதை விட்டால் சோதனையே வீண்.

பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும் என்பதால் சதையை உறையவைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டு நாவல் ஒரு நாள், பெருஞ்சதை ஒட்டு நாவல் ஒரு நாள் என்று இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தால் துவர்ப்பின் பங்கும் தெரிந்துவிடும். எந்த நாளில் எதைத் தின்றார் என்பதைத் தின்றவரிடமிருந்து மறைக்க வழியில்லை, நாக்கின் நிறமே சொல்லிவிடும். ரத்த மாதிரிக் குப்பியில் எண் மட்டும் ஒட்டி, அளக்கும் ஆய்வகத்துக்கு மறைத்தால் போதுமானது.